திடீரென்று கத்தாத டிவி

1. அண்ணாச்சியின் பென்டிரைவ்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் பொறுப்பு ஒரு பென்டிரைவ்.

"ஏம்மா பரீதா, காலைல ஷட்டரத் தூக்குனதும் மொத வேல இதுதான். எல்லா டிவியிலயும் இது ஓடணும். நின்னுச்சுன்னா யாவாரம் நின்னுச்சுன்னு அர்த்தம்" என்றார் அண்ணாச்சி. அவர்தான் கடை முதலாளி.

மதுரையில் எந்த டிவி ஷோரூமுக்குள் போனாலும் அருவி விழும், கிளி பறக்கும், யாரோ ஒருவர் தர்பூசணியை மெதுவாக வெட்டிக்கொண்டிருப்பார். டிவி கம்பெனிகளே கொடுக்கும் டெமோ படம் அது. எங்கள் சிவகாசிக் கடையில் அதெல்லாம் செல்லாது. இங்கே வாணம் ஓடும். அண்ணாச்சியின் மச்சினர் பட்டாசு கம்பெனி வைத்திருக்கிறார். பெரிய ஆர்டர் போவதற்கு முன் பொட்டல்காட்டில் வெடித்துப் பார்ப்பார்களே, அந்த டிரையலை நல்ல கேமராவில் எடுத்து வைத்திருந்தார்கள். கறுத்த வானம், அதில் சிவப்பும் பச்சையும் தங்கமும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். பேனலின் தரத்தைப் பார்க்க இதைவிட நல்ல படம் கிடையாது என்று முதல் நாளே புரிந்துவிட்டது. கறுப்பு உண்மையிலேயே கறுப்பாக இருக்கிறதா, சாம்பல் பூத்திருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். ஆனால் அண்ணாச்சி அதற்காகப் போடவில்லை. யூனிட்டுகளில் வேலை பார்ப்பவர்கள் வந்து நிற்பார்கள்.

"ஏலே, இந்தா பாரு, இது எங்க யூனிட்டு ஐட்டம்லே!"

"ஒங்க யூனிட்டா? இந்தப் பச்சை எங்களுக்குத்தாம்லே வரும். ஒங்களுக்கு வந்தா பாசி நெறத்துல வரும்."

வருஷம் முழுக்கக் குழாய் சுற்றுவதும் மருந்து செலுத்துவதும் பெட்டி கட்டுவதுமாக இருப்பவர்கள். தங்கள் கையால் செய்தது எங்கோ டில்லியில் வெடிக்கும். அறுபத்தைந்து இன்ச்சில் அது விரிவதைப் பார்த்தால் நகர மனம் வராது. அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் நாற்பத்து மூன்று இன்ச்சாவது எடுத்துக்கொண்டுதான் போவார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் பஸ்ஸில் தினமும் ரிவ்யூ படிப்பேன். வாடிக்கையாளர் வந்ததும் கேள்விகளை அடுக்குவேன். உட்காரும் இடத்துக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம், ஜன்னல் எந்தப் பக்கம், கேபிளா நெட்டா, கரண்ட் ஏறி இறங்குமா? பதிலை வைத்து மாடலைச் சொல்லிவிடுவேன். "இந்தப் பிள்ள டாக்டரம்மா மாதிரில்ல சீட்டு எழுதுது" என்று அண்ணாச்சியே சிரிப்பார். எந்த வீட்டுக்கு எந்த டிவி என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

2. ஷட்டரைத் தொட்டு வந்தவர்

தீபாவளி சீசன் சூடுபிடிப்பதற்கு முன்னால், கூட்டமில்லாத ஒரு மதியம். ஒருவர் வாசலில் நின்றார். ஷட்டர் ஓரத்து இரும்பை உள்ளங்கையால் தொட்டார். பிறகுதான் காலை உள்ளே எடுத்து வைத்தார்.

எங்கள் பக்கத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். பட்டாசு யூனிட்டில் மருந்து அறைக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். வருஷக்கணக்கில் தொட்டவர்களுக்குக் கை தானாகவே போகும். பேங்க் வாசல், டீக்கடை வாசல் எதையும் விட மாட்டார்கள்.

"வாங்கண்ணே, என்ன சைஸ் பாக்குறீக?"

"சைஸ் எதுன்னாலும் சரி பாப்பா. திடீர்னு கத்தாத டிவி வேணும்."

பக்கத்தில் நின்ற குமார், எனக்கு முன்பே கடையில் இருப்பவர், வாய் சும்மா இருக்காது. "கத்தாத டிவிக்குப் பேரு காலண்டருண்ணே. நம்ம ஊருல எம்புட்டு வேணும்னாலும் கெடைக்கும்."

வந்தவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "சத்தம் வேணும் தம்பி. நாள் முச்சூடும் ஓடணும். ஆனா ஒரே மட்டமா ஓடணும். வெளம்பரம் வரையில ஒரு தூக்கு தூக்குமே, அது கூடாது. பாட்டுல டமார்னு அடிப்பான்ல, அது கூடாது. பளிச்சுனு வெள்ளையா அடிக்கவும் கூடாது."

அவர் பெயர் கணேசன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு யூனிட்டில் லோடு ஏற்றும் இடத்தில் வேலை. பேசும்போது வாணம் ஓடும் டிவிக்கு முதுகு காட்டியே நின்றார். நான் அதை நிறுத்தினேன். அதன் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

"எங்க வீட்டுக்காரி முத்துலட்சுமி. அவளும் யூனிட்டுலதான் வேல பாத்தா. ஒரு நா பக்கத்து ரூமு வெடிச்சுப் போயிருச்சு. இவ ஓடி வந்துட்டா, ஒரு கீறல் இல்ல. கூட இருந்த ரெண்டு பேரு வரல. போன தீபாவளிக்கு மூட்ட போட்டு வைக்கிற ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. சோத்தக் கதவுக்கு இங்கன வச்சுட்டு நான் நிக்கேன். காதுல பஞ்சு வச்சுக்கோன்னா, நெஞ்சுல கேக்குதுங்கா. இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குள்ள ஒரு சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா, வெளிய போடுறது கேக்காதுல்ல? ஆனா அந்தச் சத்தமே அவள மெரட்டிறக் கூடாது. அப்படி ஒண்ணு இருக்கா பாப்பா?"

குமார் அங்கிருந்து நகர்ந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தார்.

3. பதினான்கு

அதுவரை என்னிடம் வந்தவர்கள் எல்லோரும் எதில் என்ன கூடுதலாக இருக்கிறது என்று கேட்டவர்கள். எனக்கும் அதைச் சொல்லித்தான் பழக்கம். அன்று நான் படித்து வைத்திருந்த ரிவ்யூக்களை எல்லாம் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டியிருந்தது.

கடையிலேயே விலை உயர்ந்த ஓஎல்இடி இந்த வீட்டுக்கு ஆகாது. அதில் கறுப்பு அவ்வளவு கறுப்பு. அதற்குள் ஒரு வெளிச்சம் வந்தால் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும். க்யூஎல்இடியின் பெருமையே அதன் வெளிச்சம்தான், அதுவும் வேண்டாம். தரையை அதிரவைக்கும் ஸ்பீக்கர் இருப்பதை எல்லாம் ஒதுக்கினேன். கடைசியில் மிஞ்சியது யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சாதாரண எல்இடி. நாற்பத்து மூன்று இன்ச். பின்னால் எரியும் பேக்லைட்டை நன்றாக இறக்கினாலும் முகங்கள் தெளிவாகத் தெரிந்தன. ஆட்டோ வால்யூம் என்று ஒரு செட்டிங் உண்டு. விளம்பரம் துள்ளும்போது அதன் தலையில் தட்டி உட்காரவைக்கும். பேச்சை மட்டும் முன்னால் கொண்டுவந்து தாளத்தைப் பின்னால் தள்ளும் செட்டிங்கும் இருந்தது.

இருந்தும் ஒரு ஓட்டை. யாராவது ரிமோட் மேல் தெரியாமல் உட்கார்ந்தால்? கரண்ட் போய் வந்ததும் பழைய சத்தத்தில் எழுந்தால்? அப்போதுதான் ஹோட்டல் மோடு ஞாபகம் வந்தது. லாட்ஜ் அறைகளில் ஒருவர் வைக்கும் சத்தம் பக்கத்து அறைக்காரரை எழுப்பிவிடக் கூடாது என்று டிவி கம்பெனிகள் மறைத்து வைத்திருக்கும் மெனு. மெனுவைத் திறந்து ரிமோட்டில் சில எண்களை ஒரு வரிசையில் அடித்தால் வரும். டிவி எந்தச் சத்தத்தில் எழ வேண்டும், எதற்கு மேல் போகவே கூடாது என்று அதில் கட்டிவிடலாம். பதினான்கில் கட்டினேன்.

பிறகு மதியச் சாப்பாடெல்லாம் அந்த டிவி முன்னால்தான். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சீரியல், சண்டைக் காட்சி, குத்துப்பாட்டு, விளம்பரம் என்று எல்லாவற்றையும் ஓடவிட்டேன். எங்கே என் தோள் துள்ளுகிறதோ அங்கே நிறுத்தி மறுபடி செட்டிங்.

"பரீதா, நீ அந்த டிவிக்கு வைத்தியம் பாக்குறியா, பேய் ஓட்டுறியா?" என்றார் குமார்.

"சீசன் வாசல்ல வந்து நிக்குது. இந்தப் பிள்ள ஒத்த டிவியக் கட்டிக்கிட்டு அழுவுது" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் பார்த்தால் அந்த டிவியின் மூலையில் 'ஹோல்டு' ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியது அவர்தான்.

4. போனில் கேட்ட சிரிப்பு

கணேசன் அண்ணனிடம் டிவி தயார் என்று சொன்னேன். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கா. நீயே சொல்லு பாப்பா" என்று போனை மனைவியிடம் கொடுத்தார்.

"ஏத்தா, நெசமாவே கத்தாதா?" தாழ்ந்த குரல்.

"கத்தாதுக்கா. பதினாலுக்கு மேல எந்திரிக்கவே முடியாது. கட்டிப் போட்டிருக்கேன்."

"வெளம்பரக்காரன் வந்தா?"

"அவனும் பதினாலுதான்."

"சீரியல்ல மாமியாக்காரி கத்துவாளே?"

"அவளும் பதினாலுதான்க்கா."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அப்ப எங்க வீட்டுக்காரரையும் கூட்டியாறேன். அவருக்கும் ஒரு பதினாலு வச்சு வுடு."

"நான் என்னைக்குடி கத்துனேன்?" என்று பின்னாலிருந்து கணேசன் அண்ணன் குரல். "இந்தா, இப்பக் கத்துறாரு பாத்தியா?" என்று மறுபடியும் சிரிப்பு.

"அக்கா, நான் டிவியத் தூக்கிட்டு வீட்டுக்கே வரட்டா? அங்கன ஓட்டிக் காட்டுறேன்" என்று கேட்டேன்.

"வேண்டாம்த்தா. நீ அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு வந்துட்டா, புடிக்கலன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நானே வாரேன். டவுனுக்கு வந்து எம்புட்டு நாளாச்சு. என் கையால ரிமோட்டப் புடிச்சுப் பாத்துத்தான் எடுக்கணும்."

போனை வாங்கிய கணேசன் அண்ணன் தெருவுக்கு வந்து பேசியிருக்க வேண்டும், சைக்கிள் மணி கேட்டது. "பாப்பா, இவ வெளிய வாரேன்னு சொல்லி இப்பத்தான் கேக்கேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை, கடை திறந்ததும் வருவதாகப் பேச்சு. அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. பென்டிரைவைச் செருக வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். "அவுக வந்துட்டுப் போற வரைக்கும் ஒரு டிவியும் ஓட வேண்டாம். அந்த ஒண்ணு மட்டும் ஓடட்டும்" என்றார்.

5. போனஸ் போட்ட நாள்

செவ்வாய்க்கிழமை கடை முழுக்க அமைதியாக இருந்தது. டிவிகள் வரிசையாக இருண்டு கிடந்தன. அவர்கள் வரவில்லை. லாரி வந்து நிற்கிறது, லோடு ஏற்றியாக வேண்டும் என்று மேனேஜர் கணேசன் அண்ணனுக்கு லீவு தரவில்லை. வியாழன் என்றார். வியாழனும் லோடு. அவர்கள் வந்து போகட்டும் என்று பென்டிரைவ் மேஜைக்குள்ளேயே கிடந்தது.

சனிக்கிழமை யூனிட்டுகளில் போனஸ் போட்டார்கள். எங்கள் ஊரில் அது என்ன நாள் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மதியத்துக்கு மேல் துணிக்கடை, பாத்திரக்கடை, செல்போன் கடை எல்லாம் தலைகளாகத்தான் இருக்கும். எங்கள் கடையிலும் நிற்க இடமில்லை. கணேசன் அண்ணனுக்கும் மதியமே வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போனபோது முத்துலட்சுமி அக்கா சேலை கட்டி, பூ வைத்து உட்கார்ந்திருந்தாராம். "இன்னைக்கே போயிருவோம். இன்னொரு நாளுன்னா எனக்கு மனசு மாறிரும்" என்றாராம். கணேசன் அண்ணன் எனக்கு போன் செய்திருக்கிறார். என் போன் பில் கவுண்டரில், பைக்குள் இருந்தது.

நான் கடையின் உள்கோடியில் ஒரு குடும்பத்துக்கு வால் மவுண்ட் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் அறுபத்தைந்து இன்ச்சைச் சுற்றி ஒரு யூனிட்டுப் பையன்கள் மொத்தமாக நின்றார்கள்.

"அண்ணாச்சி, வாணத்தப் போடுங்க! எங்க ஐட்டம் வருதான்னு பாப்போம்!"

"சவுண்ட்பாரோட போடுங்க!"

போனஸ் வாங்கிய கையோடு கேட்கிறவர்களிடம் எந்தக் கடைக்காரர்தான் மாட்டேன் என்பார்? குமார் போட்டார்.

அப்போது வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நீலச் சேலை. வலது உள்ளங்கை ஷட்டர் இரும்பில் பதிந்திருந்தது. பின்னால் கணேசன் அண்ணன், அவருடைய கையில் மஞ்சப்பை. இதுவரை குரலாக மட்டும் தெரிந்தவரை அந்தக் கையை வைத்தே கண்டுகொண்டேன்.

டிவியில் முதல் வாணம் மேலே ஏறத் தொடங்கியது. ஏறும்போது மெல்லியதாக ஒரு விசில் சத்தம் வரும். அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு விசில் நின்றதும் என்ன வரும் என்று தெரியும். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "குமாரண்ணே, நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். விசில் நின்றது. சவுண்ட்பார் அதிர்ந்தது. "எங்க ஐட்டம்லே!" என்று மொத்தக் கூட்டமும் கை தட்டியது.

வாசலுக்கு வந்தபோது ஷட்டரில் கை இல்லை. சேலைத் தலைப்பால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அவர் தெருவோரமாக வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை, அலறவில்லை. கணேசன் அண்ணன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். போதும் என்பது போல் கையை அசைத்துவிட்டு மனைவியின் பின்னால் போனார்.

என் முகத்தைப் பார்த்ததுமே குமார் பென்டிரைவைப் பிடுங்கினார். "ஏன் நிறுத்திட்டீக? நல்லாத்தான ஓடுச்சு!" என்றார்கள் பையன்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? தங்கள் கைவேலையைப் பார்க்க ஆசைப்பட்டார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் அண்ணாச்சியே கணேசன் அண்ணனுக்கு போன் செய்தார். டிவியை வீட்டுக்கு அனுப்புகிறேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஸ்பீக்கரில் பதில் எனக்கும் கேட்டது.

"வேண்டாம் அண்ணாச்சி. டிவிங்கிற பேச்சையே எடுக்காதீகன்னு அவ சொல்றா. ஒங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல. அவ கெளம்பி டவுனுக்கு வந்ததே பெருசு. இனிமே எப்ப வெளிய வருவான்னுதான் எனக்குத் தெரியல."

தீபாவளி அன்று விருதுநகரில் எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே வெடி தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து முறுக்கும் அதிரசமும் வந்தன. நான் எங்கள் வீட்டு டிவியைப் பதினான்கில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தூரத்து வெடி கேட்கவில்லை. பக்கத்துத் தெரு வெடி நன்றாகவே கேட்டது. பதினான்கு போதாது. பதினெட்டு, இருபது தேவைப்பட்டிருக்கும். அந்த உயரத்தில் மிரட்டாமல் இருக்கும்படி மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது பரவால்லையாக்கா, இது?" என்று கேட்டுக் கேட்டுத்தான் அதைச் செய்ய முடியும். என் தோள் துள்ளுகிறதா என்று பார்த்து அவருக்கு டிவி செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

6. சாத்தூரில் ஒரு கம்ப்ளைன்ட்

தீபாவளி முடிந்து பட்டாசு கம்பெனிகள் லீவு விட்டதும் ஊர் காற்றுப்போன மாதிரி ஆகிவிடும். அண்ணாச்சி மிச்ச ஸ்டாக்கைக் கழிக்கத் தொடங்கினார். 'ஹோல்டு' ஸ்டிக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அடுத்த டிவிக்குப் போனார். இன்னும் சில நாள் அது அங்கேயே இருந்தது. பிறகு நான் விடுமுறை எடுத்திருந்த ஒரு நாளில் சாத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு டிஸ்ப்ளே பீஸ் விலையில் போய்விட்டது.

மறு வாரமே கம்ப்ளைன்ட். "டிவி பேசவே மாட்டேங்குது. பதினாலுக்கு மேல ஏற மாட்டேங்குது. எங்கள ஏமாத்திட்டீக!"

மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்றார் அண்ணாச்சி. நானே போகிறேன் என்றேன்.

ரயில் பாதையை ஒட்டிய வீடு. வண்டி போனால் ஜன்னல் அதிரும். அந்த வீட்டுக்குப் பதினான்கு எப்படிப் போதும்? வீட்டுக்காரர் ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "பாரும்மா. ரெண்டு பிள்ளைகளும் பாட்டுப் போட்டுட்டு டிவி பக்கத்துல போயிக் காத வச்சுக் கேக்குதுக. டிவியா இது, போனா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மெனுவைத் திறந்தேன். எண்களை அடித்தேன். ஹோட்டல் மோடு வந்தது. பேக்லைட், பேச்சு, ஆட்டோ வால்யூம், பதினான்கு. நான் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்து வைத்த ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது. அந்த டிவிக்குள் ஒரு ஆளுக்காக ஒரு வீடு கட்டி வைத்திருந்தேன். அதில் யாரும் குடிவரவில்லை.

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஆஃப். ஆஃப். கடைசியாக அந்தப் பதினான்கை நூறாக்கினேன்.

பிள்ளைகளில் ஒன்று ரிமோட்டைப் பிடுங்கி சத்தத்தை ஏற்றியது. பாட்டு சுவரில் மோதித் திரும்பியது. இரண்டும் குதித்து ஆடத் தொடங்கின. "இப்பத்தாம்மா டிவி!" என்றார் வீட்டுக்காரர், அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தி. அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்தார். குடித்துவிட்டுத்தான் வந்தேன். நல்ல காப்பி.

இப்போது எங்கள் வாசல் டிவியில் மீன்கள் நீந்துகின்றன, சத்தம் கிடையாது. உள்ளே பென்டிரைவ் ஓடத்தான் செய்கிறது. அதை நிறுத்தினால் வியாபாரம் நிற்கும் என்று அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. ஒருமுறை கணேசன் அண்ணன் எமர்ஜென்சி லைட் வாங்க வந்தார். ஷட்டரைத் தொட்டார். மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நல்லாருக்கு பாப்பா" என்றார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். "இருக்கா" என்றார். லைட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும், டிவி வாங்கக் கிளம்பும் உங்களுக்கும் நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். இன்ச், பேனல், வாட்ஸ் எல்லாம் பிறகு. அந்த வீட்டில் நாள் முழுக்க இருக்கப்போவது யார், அவருக்கு எது ஆகாது என்று முதலில் கேளுங்கள். கடைக்கு வர முடியாதவர் ஒருவர் இருந்தால், அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து செட்டிங்கை வையுங்கள்.

ஹோட்டல் மோடுக்குப் போகும் அந்த எண் வரிசை இன்னும் என் விரலில் இருக்கிறது. திடீரென்று கத்தாத டிவி வேண்டும் என்று அதன் பிறகு யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டால், கடைக்கு வரச் சொல்ல மாட்டேன். டிவியைத் தூக்கிக்கொண்டு நானே வருவேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் உள்ளே வருவேன்.